புலமாடன் கல்லின் கீழ்ப்பாதி

என் நாத்தனார் மாரீஸ்வரிக்கு வாய் கிடையாது. இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு மதினியாக இருக்கிறேன். குழம்பில் உப்பில்லை என்றுகூட அவள் சொல்லிக் கேட்டதில்லை. சத்தம் காட்டாமல் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். எனக்கோ வாய் காது வரைக்கும் நீளும். இருபத்தைந்து வருடமாகத் தாராவியில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் வேறு எப்படி இருப்பாள்?

அவளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரர் ராஜகுமாரும் திலக் நகருக்குக் குடிபோன பிறகும் அவள் தாராவியில் என் மாமனார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. வேலை விட்டு வந்து சோறு வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள் என்றால் அப்புறம் லேப்டாப் தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இணையத்தில் எல்லாரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் தமிழில் எழுதுகிறாள் என்று மட்டும் தெரியும். எட்டு வருடம் முன்பு மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் தொல்லியல்காரர்கள் ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பழைய கல் கிடக்கிறது, நாங்கள் பத்துப் பேர் அலைந்து தீராது, அந்தந்தத் தெருக்காரர்களே படமெடுத்துக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள், தெரிந்ததை எழுதுங்கள் என்றார்களாம். ஒருநாள் வகுப்புக்குப் போனவள் அதோடு சரி, அங்கேயே குடியேறிவிட்டாள். நடுகல், முதுமக்கள் தாழி, பாறை ஓவியம் என்று கண்ணால் பார்க்காத ஊர்களைப் பற்றியெல்லாம் எழுதித் தள்ளினாள். சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பேராவது போடுவார்களா என்றேன். அதற்கும் அதே தலையாட்டல்தான்.

ஒரு வழக்கம் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் "எதுல போட்டிருக்கு?" என்பாள், இல்லாவிட்டால் ஆதாரம் கேட்கிற மாதிரி பார்ப்பாள். மீன் இன்றைக்கு வந்ததுதான் என்று மீன்காரி சொன்னதாக என் வீட்டுக்காரர் சொன்னால்கூட அந்தப் பார்வை வரும். நாங்கள் சிரிப்போம்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

தாராவியில் எங்கள் தெருக்கோயிலின் சாமி புலமாடன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் அறுபது வருடத்துக்கு முன்பு கட்டிய கோயில். அஸ்திவாரம் தோண்டும்போது சேற்றுக்குள் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் நட்டபடி நின்றதாம். உச்சியில் சூரியனும் சந்திரனும் செதுக்கியிருந்தது. மாடனே நமக்கு முன்னால் வந்து நிற்கிறார் என்று கும்பிட்டு விழுந்து, அசைக்காமல் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் பூசிப் பூசி மேல்பாதி கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. கீழ்ப்பாதி தரைக்குள்ளேயே இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை.

இந்த வருடம் பங்குனியில் கோயில் தரையை உயர்த்தினார்கள். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் சாமி கால் வரைக்கும் வந்துவிடுகிறது என்று ரொம்ப நாள் குறை. தரையை உயர்த்தக் கல்லை எடுத்தாக வேண்டும். கல்லை எடுக்க வேண்டுமானால் முதலில் சாமியை அதிலிருந்து இறக்க வேண்டும். நூல் சுற்றிய செம்பில் தண்ணீர் ஊற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, மந்திரம் சொல்லி, புலமாடனை அந்தக் கும்பத்துக்குள் வரவழைத்தார்கள். இனி பூசையெல்லாம் கும்பத்துக்குத்தான். வேலை முடிந்து, சித்திரைக் கொடைத் திருவிழா அன்று அந்தத் தண்ணீரைத் திரும்பவும் கல்லில் ஊற்றும்போதுதான் சாமி கல்லுக்குத் திரும்புவார். அதுவரைக்கும் கல் வெறும் கல்.

கயிறு கட்டிக் கல்லைப் படுக்க வைத்தபோது மாரீஸ்வரி போனில் நாலைந்து படம் எடுத்தாள். உச்சி, நடுவில் தேய்ந்துபோன எழுத்து, மண் அப்பிய கீழ்ப்பாதி. அன்றைக்கே களஞ்சியத்தில் ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் மாட்டுங்காவிலிருந்து அனந்தகிருஷ்ணன் எழுதினார். ஓய்வுபெற்ற பேராசிரியர், பழைய நாகரி எழுத்து படிப்பவர், அந்த ஒருநாள் வகுப்பை நடத்தியவர்களில் ஒருவர். கீழ்ப்பாதியைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் போட முடியுமா என்று கேட்டிருந்தார். இவள் ஒரு வாளித் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டுபோய்க் கழுவினாள். படத்தைப் போட்டாள்.

கழுவும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஒரு பெண்ணும் ஒரு கழுதையும் செதுக்கியிருந்தது. எந்த நிலையில் என்று நான் எழுதப்போவதில்லை, புரிந்துகொள்ளுங்கள். இது எந்தக் காலத்துக் கல், எதற்காக நட்டது என்று அனந்தகிருஷ்ணன் சொன்னதையும் புத்தகங்களில் இருந்ததையும் சேர்த்து அவள் ஒரு கட்டுரை எழுதிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நீளமான கட்டுரை. ஆனால் படம்தான் ஓடியது.

எந்தப் புண்ணியவானோ படத்தை மட்டும் எடுத்து, "தாராவிக்காரன் கும்பிடுற சாமியைப் பாரு" என்று இந்தியில் ஒரு வரி போட்டு வாட்சப்பில் தள்ளிவிட்டான். அது பாண்டுப், முலுண்ட் என்று ஊரின் மறுகோடி வரைக்கும் போய், ஒரு வாரம் கழித்து எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. கொடைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள் போனைத் திறக்கக் கூசினார்கள். ஆண்கள் டீக்கடையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள். சுற்றுமுற்றும் எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு தெருவுக்கே வந்தால் எப்படி இருக்கும் என்று அந்த வாரத்தில் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரீஸ்வரியைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கூடப் போனோம். கோயில் தலைவர் கணேசபாண்டியன் நடுவில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. என் மாமியார் செத்தபோது முதல் தோள் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் அவர் முகம் அப்படிக் கறுத்திருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஏட்டி மாரி, நீதான போட்ட? நீயே அழிச்சிரு. இந்த லஃப்டா, வம்பெல்லாம் முடிஞ்சிது."

"அழிக்க முடியாது அண்ணாச்சி."

"போட்டவளுக்கு அழிக்கத் தெரியாதோ?"

"போட்டப்பவே எல்லாருக்கும் பொதுவாக் குடுத்தாச்சு. எடுக்கணும்னா அங்க கேக்கணும். அவிய கூடிப் பேசித்தான் முடிவு பண்ணுவாவ."

"அவியன்னா யாரு?"

"எல்லாரும்தான்."

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயில்லாதவள் வாயைத் திறந்தால் இப்படித்தான் ஆகிறது. கணேசபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும்னா நாமளும்தான? அப்ப நாம எல்லாரும் கேப்போம். ஏலே செல்வம், எழுது."

செல்வம் கோயில் செயலாளர், மொபைல் கடைக்காரர். உடனே ஒரு வாசகம் அடித்தார். "எங்கள் தெய்வத்தை அவமதிக்கும் இந்தப் படத்தை உடனே நீக்கவும். இப்படிக்கு, பெயர் எழுதவும்." தெருக் குரூப்பில் போட்டதும் ஆணும் பெண்ணுமாக முப்பத்தெட்டுப் பேர் கோயில் வாசலில் கூடிவிட்டார்கள். அங்கேதான் கோயில் வைஃபை நன்றாக எடுக்கும். ஆளாளுக்குக் களஞ்சியத்தில் புதுக் கணக்கு திறந்து, நீக்கச் சொல்லிக் கேட்கும் பக்கத்தில் அந்த வாசகத்தை ஒட்டினார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் "பெயர் எழுதவும்" என்பதையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பேர் 'பெயர் எழுதவும்' என்றே ஆனது. மாரீஸ்வரி செல்வத்தின் கையைப் பிடிக்காத குறையாக, "இப்படிச் செய்யக் கூடாது, தப்பா நெனைப்பாவ" என்று முனகினாள். யார் கேட்டார்கள்? கடைசியில் அவளையும் உட்கார வைத்து, அவள் கணக்கிலிருந்தும் கேட்க வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. ஒரே இணைப்பிலிருந்து, ஒரே மணி நேரத்தில், ஒரே வாசகத்தோடு முப்பத்தெட்டுப் புதுக் கணக்குகள். இது ஒரே ஆள் போட்ட முப்பத்தெட்டு முகமூடி என்று முடிவு கட்டினார்கள். அந்த ஆள் மாரீஸ்வரி. எல்லாக் கணக்கையும் முடக்கினார்கள், அவளுடையதையும் சேர்த்து. படம் அப்படியே இருந்தது. அதுமட்டுமல்ல, இந்தச் சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கல்லைப் பற்றி மராத்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பக்கம் எழுதி அங்கேயும் படத்தைப் போட்டுவிட்டார்கள். ஒரு தெருவே கூடி நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கூடி நின்றால் அங்கே குற்றம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவள் எனக்குப் போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது வருடத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

"மதினி, என்னைய உள்ள விட மாட்டங்காவ."

எட்டு வருட வேலை. ஆயிரத்துக்கு மேல் கட்டுரை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது நான், "நல்லதாப் போச்சு, இனியாவது வேளாவேளைக்குத் தூங்கு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

களஞ்சியம் கைவிரித்த பிறகு கமிட்டி திரும்பவும் கூடியது. படத்தை மாற்ற முடியாது என்றால் கல்லை மாற்றிவிடுவது என்று முடிவாகியது. கீழ்ப்பாதியை அறுத்து எடுத்துவிட்டால் புதுக் கிரானைட் பீடத்தில் கல் சமமாக உட்காரும். படத்தில் இருப்பது வேறு கல், எங்கள் சாமியை வந்து பார் என்று யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம். சாமி கல்லை அறுப்பது பாவமில்லையா என்று ஒரு கிழவர் கேட்டதற்குக் கணேசபாண்டியன் பதில் தயாராக வைத்திருந்தார்.

"சாமி கும்பத்துல இருக்காரு. இது இப்ப கருங்கல்லு. சமையல் மேடைக்கு அறுக்கமே, அந்தக் கல்லு."

கொடை வெள்ளிக்கிழமை. கும்பத் தண்ணீரை ஊற்ற ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தது. அதற்கு முன்னால், ஆறரைக்கு, கிரானைட் வேலை செய்யும் சாய்நாத் கட்டர் மெஷினோடு வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாரீஸ்வரி செம்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வெந்துபோயிருந்தது. சோறு போட்டேன், தொடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். அனந்தகிருஷ்ணன் பேசினார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் தொல்லியல் துறைக்கு இப்பவே தகவல் குடுத்துடறேன். நாளைக்குக் கார்த்தால போலீஸோட வந்து நிப்பா. கல்லை எடுத்துண்டு போய் மியூசியத்துல பத்திரமா வெச்சுடுவா."

"திருப்பிக் குடுப்பாங்களா சார்?"

அவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

"குடுக்க மாட்டாம்மா."

போனை வைத்துவிட்டு அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுட்டி. இப்படிக் கல்லு மாதிரி இருந்தா என்ன அர்த்தம்?"

"அறுத்தா கல்லு போயிரும் மதினி. போன் பண்ணுனா மாடன் போயிருவாரு. போலீஸக் கூட்டிட்டு வந்து சாமியத் தூக்குனவன்னு தெருவுல என்னைய ஆயுசுக்கும் சொல்லுவாவ. அது போட்டும். கொட நடக்காதுல்லா. அந்தச் செம்புத் தண்ணிய எங்க கொண்டு ஊத்துவாவ?"

"அப்ப என்ன செய்யப்போற?"

"பேசிப் பாக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தது தப்புதான். "நீயா? பேசவா?" என்றேன். அவள் கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஒருபக்கம் தங்கை, ஒருபக்கம் தெரு. நான் போன் செய்யட்டுமா என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். அனந்தகிருஷ்ணன் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு தடவையும் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார், நானும் போன் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் நாங்கள் தாராவியில் இருந்தோம். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். ஒலிபெருக்கிக்காரன் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். பெண்கள் குளித்துத் தலையை முடிந்துகொண்டு பொங்கல் பானைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோயில் முற்றத்தில் கல் பக்கவாட்டில் படுத்திருந்தது. கீழ்ப்பாதிமேல் ஒரு சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். சாய்நாத் சாக்கை எடுத்தார், ஒரு கணம் உற்றுப் பார்த்தார், சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டார். மெஷினில் வட்டத் தகட்டை மாட்டி ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தார். அந்தக் கிறீச்சலில் என் பல் கூசியது.

மாரீஸ்வரி போய்க் கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வலது கையைக் கோட்டின்மேல் வைத்தாள்.

"தாயீ, ஹாத் காடா" என்றார் சாய்நாத், கையை எடு என்று. அவள் எடுக்கவில்லை.

"ராசு, ஒன் தங்கச்சியத் தூக்கு" என்றார் கணேசபாண்டியன். "நேரமாவுது."

என் வீட்டுக்காரர் இரண்டடி வைத்தார். அவர் அவளைத் தொட்டுத் தூக்கிவிட்டால் இந்தப் பிறவியில் அண்ணன் தங்கை உறவு அத்தோடு முடிந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தூக்க வேண்டாம் அண்ணே. இது என்னன்னு சொல்லிட்டு நானே எந்திச்சுப் போயிருதேன். அப்புறம் அறுத்துக்கோங்க."

அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆண்களைப் பார்க்காமல், பொங்கல் பானைப் பக்கம் இருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"இது நெலத்துக்கு நட்ட கல்லு. அந்தக் காலத்து ராசா ஒருத்தருக்கு நெலம் தானங்குடுத்தா இப்படி நடுவாரு. மேல சூரியனும் சந்திரனும் இருக்குல்லா, அது ரெண்டும் உள்ள காலம் வரைக்கும் இந்த நெலம் இவியளுக்குன்னு அர்த்தம். நடுவுல எழுத்துல எழுதிருக்கு. கீழ உள்ளது சாபம்."

"என்ன சாபம்?" என்று கேட்டது கணேசபாண்டியனின் மனைவி சொர்ணம்மாள்.

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்த உறுப்பின் பெயரையும் கூசாமல் அடிக்கிறவள்தான், ஆனால் வாயால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் சொல்லாமல் விட்டதற்கும் அந்தக் கூச்சம்தான் காரணம். இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"இந்தத் தானத்த எவன் அழிக்கானோ, இந்த நெலத்த எவன் புடுங்குதானோ, அவனப் பெத்த அம்மைய கழுத ஏறும்."

ஒலிபெருக்கிக்காரன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டான். ஒரு பெண் "அடப்பாவி" என்றாள், யாரைச் சொன்னாளோ. மாரீஸ்வரி கண்ணைத் திறந்து அவசரமாக இன்னொன்றும் சேர்த்தாள்.

"இந்தக் கல்லுல எழுத்து பாதி தேஞ்சுபோச்சு, முழுசாப் படிக்க முடியல. ஆனா இந்த மாதிரிக் கல்லுல இதான் போட்டிருக்கும். புஸ்தகத்துல இருக்கு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. கையின்மேல் மெஷின் நிற்கிறது, அப்போதும் அவளுக்கு ஆதாரம் சரியாக இருக்க வேண்டும்.

சாய்நாத்துக்குத் தமிழ் தெரியாது. க்யா போலா, என்ன சொன்னாள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவள் இந்தியில் சொன்னாள். அவர் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். ஊரில் அம்மா இருக்கிறாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுச் முற்றத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"காலி பீலி, சும்மா பயங்காட்டாத ஏட்டி" என்று எழுந்தார் கணேசபாண்டியன். "எங்கம்மை போயி பதினோரு வருசம் ஆச்சு. நான் அறுக்கேன்." பிளக்கை அவரே சொருகினார். மெஷினைக் கையில் எடுத்தார். கல் ஒருக்களித்துக் கிடந்ததால் ஒருத்தர் பிடித்துக்கொள்ளாமல் அறுக்க முடியாது. "ஏலே, வந்து புடி" என்று தன் மகனைக் கூப்பிட்டார். இருபத்தாறு வயதுப் பையன், பேங்கில் வேலை. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான்.

"வெளிய வாலே" என்றாள் சொர்ணம்மாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"அவியளுக்குத்தான் அம்மை இல்ல. ஒனக்கு நான் இருக்கேன்லா? வெளிய வா."

அவன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பானைக்குப் பின்னாலிருந்தும் குரல் வர ஆரம்பித்தது. ஏலே வா இங்க, ஏலே வீட்டுக்குப் போ என்று ஆளாளுக்குத் தன் மகனைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது ஐம்பது வயது ஆட்கள்கூட அம்மா கூப்பிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு முற்றத்தை விட்டு வெளியே வந்தார்கள். செல்வத்தின் அம்மா கூப்பிடக்கூட இல்லை, வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் முற்றத்தில் மூன்று பேர்தான். கணேசபாண்டியன், மாரீஸ்வரி, என் வீட்டுக்காரர்.

"ராசு, நீ வா. ஒங்க அம்மையும்தான் இல்லையே. நீ புடி."

அது உண்மைதான். என் மாமியார் செத்து ஆறு வருடம் ஆகிறது. கூப்பிட ஆள் இல்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். வாய் காது வரைக்கும் நீளும் என்று சொன்னேனே, அந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. என் வீட்டுக்காரர் கல்லுக்குப் பக்கத்தில் போனார், கோட்டின்மேல் இருந்த தங்கையின் கையைப் பார்த்தார்.

"செத்துப்போனா என்ன அண்ணாச்சி, அவ எங்க அம்மைதான?" என்றார். சொல்லிவிட்டு அவரும் அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கணேசபாண்டியன் மெஷினைப் பிடித்தபடி நின்றார். அவர் ஸ்விட்சைத் தட்டினால் தடுக்க அங்கே யாருமில்லை. பிறகு மாரீஸ்வரியைக் கேட்டார்.

"நெலத்தப் புடுங்குதவனுக்கா சாபம்?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் கோயில் சுவரைத் திரும்பிப் பார்த்தார். தாராவியை இடித்துக் கட்டப்போகிற புதுத் திட்டத்துக்காக அளக்க வந்தவர்கள் போன மாதம்தான் எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவிலும் சிவப்பு மையால் நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கோயில் சுவரிலும் ஒரு நம்பர் இருந்தது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. அவர் மெஷினைத் தரையில் வைத்தார். சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, கழுத்திலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு குனிந்து, சாக்பீஸ் கோட்டைத் துண்டாலேயே அழித்தார்.

"மேல கொஞ்சம் ஒயரமாவே நிக்கட்டும்" என்று வெளியே நின்ற செல்வத்திடம் சொன்னார். "கீழ உள்ளதும் தெரியுத மாதிரி வையி. வாறவன் போறவன் பாக்கட்டும்."

பிறகு மாரீஸ்வரி பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் போய்விட்டது, ஆற்றாமைதான் இருந்தது.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாட்டி? இம்புட்டு நாளு தெருவே தலைகுனிஞ்சு திரிஞ்சோமே."

"எழுதிருந்தேன் அண்ணாச்சி. படத்துக்குப் பக்கத்துலயே, தமிழ்லதான் எழுதிருந்தேன். படிக்கத்தான் ஆளில்ல."

அவள் யாரையும் குத்திக்காட்டிப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் முதல் ஆள் நான். எட்டு வருடத்தில் அவள் எழுதியதில் ஒரு பக்கத்தை, ஒரு வரியை, நான் படித்ததில்லை. படிக்காமல் வந்த எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அன்று கும்பத் தண்ணீரைக் கல்லில் ஊற்றும்போது எல்லாரும் முன்னால் போய்க் கும்பிட்டார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.